பச்சிளங்குழந்தைகளில் பாக்டீரிய மூளையுறை அழற்சி: ஒரு வரலாறு

பிறந்து 28 நாட்களுக்கு உட்பட்ட குழந்தைகளின் மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள சவ்வுகளில் பாக்டீரியாத் தொற்றால் உண்டாகும் கடுமையான அழற்சியே பச்சிளங்குழந்தைகளின் பாக்டீரிய மூளையுறை அழற்சி ஆகும். பேச்சுவழக்கில் இதனை மூளைக் காய்ச்சல் என்பர். வைரசுகளால் மூளைத் திசுவில் வரும் அழற்சிக்கும் அதே பெயர் வழங்குவதால், இக்கட்டுரையில் மூளையுறை அழற்சி என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது. மனித வாழ்நாளில் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுந்த காலம் பிறந்த முதல் மாதமாகும்.

மூளையுறை அழற்சி 200 ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ நூல்களில் பேசப்பட்டு வரும் நோய். ஆயினும் பச்சிளங்குழந்தைகளுக்கு வருவது பல வகைகளில் வேறுபட்டது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. பெரியவர்களிடம் காணப்படும் அறிகுறிகள் இவர்களிடம் பெரும்பாலும் இல்லை. நோயை உண்டாக்கும் கிருமிகளும் வேறு. பெரியவர்களைக் காப்பாற்றிய மருந்துகளுள் சில, இக்குழந்தைகளின் உயிரைப் பறித்தன. பச்சிளங்குழந்தையைச் சிறிய உருவிலுள்ள பெரியவராகக் கருதி மருத்துவம் செய்ய முடியாது என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்ற வரலாறே இந்நோயின் வரலாறு.

நோயின் இயல்பு

பச்சிளங்குழந்தைகளில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் முதலில் இரத்தத்தில் கலக்கின்றன. அங்கே போதிய அளவு பெருகியபின், இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து மூளைத் தண்டுவட நீரை அடைகின்றன. அந்த நீரில் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு என்பதால் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. அழற்சியால் மூளை வீங்குவதும், இரத்தக் குழாய்கள் அடைபடுவதும், நீர் ஓடும் வழிகள் தடைபட்டு மூளையில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு.

வளர்ந்தவர்களிடம் கடும் தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு ஆகியவை இந்நோயைக் காட்டிக்கொடுக்கும். பச்சிளங்குழந்தையால் தலைவலியைச் சொல்ல இயலாது. அதன் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டாததால் உள்ளழுத்தம் ஓரளவு தளர்ந்துவிடுகிறது. கழுத்து விறைப்பும் அரிதாகவே காணப்படுகிறது. காய்ச்சலுக்கு மாறாக உடல் குளிர்ந்து போவதும் உண்டு. பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், கீச்சென்ற குரலில் அழுதல், மூச்சு இடையிடையே நின்றுபோதல், வலிப்பு போன்றவையே முதல் அறிகுறிகளாக இருக்கும். உச்சிக்குழி புடைத்து நிற்பது பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே தெரியும். இவற்றுள் பல, இரத்தத்தில் கிருமித்தொற்று, சர்க்கரை குறைதல், பிறப்பின்போது மூச்சுத்திணறல் முதலிய பிற நிலைகளிலும் காணப்படுபவை. இந்நோய் நெடுங்காலம் தனித்து அறியப்படாமல் போனதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

1805இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரில் பரவிய மூளையுறை அழற்சியைக் காஸ்பார் வியூசோ என்ற மருத்துவர் விவரித்தார். கொள்ளைநோயாக வரும் மூளையுறை அழற்சி பற்றிய முதல் தெளிவான பதிவாக அது கருதப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்களின் கவனம் இத்தகைய கொள்ளைநோய்களின்மேலும், காசநோயால் வரும் மூளையுறை அழற்சியின்மேலும் இருந்தது. பிறந்த சில நாட்களில் இறந்த குழந்தைகளின் சாவுக்குப் பிறவிப் பலவீனம், வலிப்பு என்பன போன்ற பொதுவான காரணங்களே எழுதப்பட்டன.

இந்நிலையிலும் ஒரு முக்கியமான தடயம் கிடைத்தது. வியன்னாவின் மகப்பேறு மருத்துவமனையில் 1847இல் மருத்துவர்கள் கை கழுவுவதைக் கட்டாயமாக்கிய இக்னாஸ் செம்மல்வைஸ், பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட மாற்றங்களையே இறந்த பச்சிளங்குழந்தைகள் சிலரின் உடலிலும் கண்டார். தாயின் நோயும் சேயின் நோயும் ஒன்றாக இருக்கலாம் என்ற இக்கருத்துக்கு அக்காலத்தில் போதிய மதிப்பு கிடைக்கவில்லை. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்குப் பின்னரே அது வேறு வடிவில் மீண்டும் எழுந்தது.

1880களில் நுண்ணுயிரியல் வேகமாக வளர்ந்தது. 1885இல் மியூனிக் நகரில் தியோடர் எஷரிக், பச்சிளங்குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். பின்னாளில் அவர் பெயராலேயே எஷரிக்கியா கோலை என்று அது அழைக்கப்பட்டது. 1887இல் வியன்னாவில் ஆன்டன் வைக்சல்பாம், கொள்ளைநோயாக வரும் மூளையுறை அழற்சிக்குக் காரணமான மெனிங்கோகாக்கஸ் கிருமியைக் கண்டறிந்தார். நலமான குழந்தையின் குடலில் குடியிருக்கும் எஷரிக்கின் பாக்டீரியாதான் பச்சிளங்குழந்தையின் மூளையுறையைப் பெரிதும் தாக்குவது என்பது பின்னரே தெரியவந்தது.

நோயைக் கண்ணால் காண வழிசெய்தவர் ஜெர்மனியின் கீல் நகர மருத்துவர் ஹைன்ரிக் குவிங்க்கே. முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி மூளைத் தண்டுவட நீரை எடுக்கும் முறையை 1891இல் அவர் வெளியிட்டார். மூளையின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைப்பதே அவருடைய முதல் நோக்கம். விரைவிலேயே அது நோயறியும் முறையாயிற்று. தெளிந்த நீர் போன்றிருக்க வேண்டிய திரவம் கலங்கியிருந்தால், அதில் வெள்ளணுக்களும் கிருமிகளும் இருப்பதை நுண்ணோக்கியில் காணலாம். இன்றளவும் இந்நோயை உறுதிசெய்ய இதற்கு மாற்று இல்லை. மூளையுறை அழற்சி உள்ள பச்சிளங்குழந்தைகளுள் மூன்றில் ஒரு பங்கினர் வரை இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் போவதுண்டு. எனவே இரத்தத்தை மட்டும் சோதித்தால் நோய் தவறவிடப்படலாம்.

யேல் மருத்துவமனைப் பதிவுகள்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் எதெல் டன்ஹாம் என்ற குழந்தை மருத்துவர் 1933இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1928 முதல் 1932 வரை அங்கே இரத்தத்தில் கிருமித்தொற்று ஏற்பட்ட பச்சிளங்குழந்தைகள் பற்றிய ஆய்வு அது. அவருக்குப் பின் வந்தவர்களும் அந்தக் கணக்கைத் தொடர்ந்ததால், 75 ஆண்டுகளின் நிலையை ஒரே இடத்தில் காண முடிகிறது. 1928இல் 87 விழுக்காடாக இருந்த இறப்பு, 2003இல் 3 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

இப்பதிவுகள் காட்டும் மற்றொரு உண்மை, கிருமிகள் மாறிக்கொண்டே இருந்தன என்பது. தொடக்க ஆண்டுகளில் பிரசவக் காய்ச்சலோடு தொடர்புடைய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முன்னின்றன. பின்னர் எஷரிக்கியா கோலை முதன்மை பெற்றது. 1970களில் குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மேலோங்கியது. மூளையுறை அழற்சி பெரும்பாலும் இரத்தத் தொற்றைத் தொடர்ந்தே வருவதால், அதன் வரலாறும் இதே போக்கில் சென்றது.

மருந்துகள் தந்த இரு பாடங்கள்

1935இல் ஜெர்மனியின் கெர்ஹார்ட் டோமாக் புரோன்டோசில் என்ற சல்ஃபா மருந்தின் ஆற்றலை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே லண்டனில் லியோனார்ட் கோல்புரூக் அதைக் கொண்டு பிரசவக் காய்ச்சலால் வரும் இறப்பைப் பெரிதும் குறைத்தார். 1940களில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தன. தொற்றுநோய்களின் காலம் முடிந்துவிட்டது என்ற நம்பிக்கை பரவியது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வரும் முன்பே, தடுப்பாகவே இம்மருந்துகளைக் கொடுக்கும் வழக்கமும் பல மருத்துவமனைகளில் ஏற்பட்டது.

நியூயார்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் பெனிசிலினையும் சல்ஃபிசாக்சசோலையும் சேர்த்துக் கொடுப்பது அத்தகைய வழக்கமாக இருந்தது. புதிதாக வந்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் அதைவிட மேலானதா என்று அறிய, வில்லியம் சில்வர்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்தனர். 1956இல் வெளியான முடிவு எவரும் எதிர்பாராதது. பழைய மருந்துகளைப் பெற்ற குழுவில் இறப்பு மிகுந்திருந்தது. இறந்தவர்களைப் பிணக்கூறாய்வு செய்தபோது, பலரின் மூளையில் மஞ்சள் காமாலை நிறமியான பிலிருபின் படிந்திருந்தது.

காரணம் பின்னர் விளங்கியது. பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் பிலிருபினை ஆல்புமின் என்ற புரதம் பற்றிக்கொண்டு, மூளைக்குள் செல்லாமல் காக்கிறது. சல்ஃபா மருந்து அந்தப் புரதத்தில் இடம் பிடித்துக்கொண்டு பிலிருபினை வெளியேற்றிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்காதவரை இந்த இறப்புகள் எவருடைய ஐயத்தையும் எழுப்பவில்லை. குறைமாதக் குழந்தைகள் இறப்பது இயல்பென்றே எண்ணப்பட்டதால், மருந்தின் கேடு அந்த எண்ணிக்கைக்குள் மறைந்திருந்தது.

இரண்டாவது பாடம் குளோராம்ஃபெனிகால் மருந்திலிருந்து வந்தது. பல வகைக் கிருமிகளைக் கொல்வதாலும், மூளைத் தண்டுவட நீருக்குள் எளிதில் செல்வதாலும், மூளையுறை அழற்சிக்கு ஏற்ற மருந்தாக அது தோன்றியது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனையில் பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிறந்த குறைமாதக் குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தனர். ஒரு குழுவுக்கு மருந்தில்லை, ஒன்றுக்குக் குளோராம்ஃபெனிகால், ஒன்றுக்குப் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும், நான்காவதற்கு மூன்றும். 1959இல் வெளியான முடிவின்படி, குளோராம்ஃபெனிகால் பெறாத இரு குழுக்களிலும் ஐவரில் ஒருவர் என்ற அளவில் இறப்பு இருந்தது. அம்மருந்தைப் பெற்ற இரு குழுக்களில் ஐவரில் மூவர் அல்லது அதற்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மருந்து தொடங்கிய சில நாட்களில் அக்குழந்தைகளின் வயிறு உப்பி, உடல் குளிர்ந்து, தோல் சாம்பல் நிறமாகி, இரத்த ஓட்டம் சரிந்தது. இதனால் இந்நிலைக்குச் சாம்பல் குழந்தை நோய்க்குறி என்று பெயர் வந்தது. பெரியவர்களின் கல்லீரல் குளோராம்ஃபெனிகாலை மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும். பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் அதற்கான நொதி இன்னும் முதிரவில்லை. எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்த அளவும் உடலில் தேங்கி நஞ்சாகியது.

இவ்விரு நிகழ்வுகளுக்குப் பின், பச்சிளங்குழந்தைக்கான மருந்தின் அளவை அதன் எடை, பிறந்தபோதைய கர்ப்ப வாரம், பிறந்தபின் கடந்த நாட்கள் ஆகியவற்றைக் கொண்டு தனியே கணக்கிடும் முறை வேரூன்றியது. 1960களில் வந்த ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் இந்த அறிவோடு பயன்படுத்தப்பட்டன. மஞ்சள் காமாலையுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு செஃப்ட்ரையாக்சோன் மருந்தைத் தவிர்த்து செஃபோடாக்சிம் கொடுப்பதற்கும், 1956இல் கற்ற அந்தப் பிலிருபின் பாடமே காரணங்களுள் ஒன்றாகும்.

மூளைக்குள் நேரடியாக மருந்து

ஜென்டாமைசின் இரத்தத்திலிருந்து மூளைத் தண்டுவட நீருக்குள் போதிய அளவு செல்வதில்லை. எனவே அதை நேரடியாக அங்கே செலுத்தினால் குணம் விரைவாகும் என்ற எண்ணம் எழுந்தது. டல்லாஸ் நகரின் ஜார்ஜ் மெக்ராக்கன் தலைமையில் பல மருத்துவமனைகள் கூடி இதைச் சோதித்தன. 1976இல் வெளியான முதல் ஆய்வில், முதுகு வழியாக மருந்து செலுத்தியதால் கூடுதல் பயன் காணப்படவில்லை. அடுத்த ஆய்வில் மூளையின் உள்ளறைகளுக்குள்ளேயே மருந்து செலுத்தப்பட்டது. அவ்வாறு பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் இறந்தனர். நரம்பு வழியாக மட்டும் மருந்து பெற்றவர்களில் இறப்பு ஏறத்தாழ 13 விழுக்காடே. ஆய்வு இடையில் நிறுத்தப்பட்டு, 1980இல் முடிவு வெளியிடப்பட்டது.

அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றும் மருத்துவமும் சோதிக்கப்படாதவரை நம்பத்தக்கதன்று என்பதை இது மீண்டும் காட்டியது. இன்று சிக்கலற்ற குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்கு 14 நாட்களும், எஷரிக்கியா கோலை போன்றவற்றுக்குக் குறைந்தது 21 நாட்களும் நரம்பு வழியாக மருந்து கொடுப்பது பொது நடைமுறை.

மாட்டின் மடியிலிருந்து பிரசவ அறைக்கு

குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலில் கால்நடை மருத்துவர்களுக்கே அறிமுகமான கிருமி. 1887இல் பிரான்சில் எட்மோன் நோக்கார், பசுக்களின் மடிநோய்க்குக் காரணமாக ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸை விவரித்தார். பால் வற்றிப்போவதைக் குறிக்கும் அகலாக்டியே என்ற சொல்லே அதன் பெயராயிற்று. 1933இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளை அவற்றின் மேற்பரப்புப் பொருளைக் கொண்டு ஏ, பி, சி எனக் குழுக்களாகப் பிரித்தார். மாடுகளிடமிருந்தும் பாலிலிருந்தும் கிடைத்தவை பி குழுவில் அடங்கின. இரண்டு ஆண்டுகளில், பிரசவித்த பெண்களின் பிறப்புவழியிலும் அக்குழுக் கிருமிகள் இருப்பதை லான்ஸ்ஃபீல்டும் ரொனால்டு ஹேரும் காட்டினர். 1938இல் இங்கிலாந்தில் ஃப்ரை என்பவர், இக்கிருமியால் தாய்மார் மூவர் இறந்ததைப் பதிவு செய்தார்.

குழந்தைகளின் நோய்க்கு இது முக்கியக் காரணம் என்பது 1960களில் வெளிப்படத் தொடங்கியது. 1964இல் பாஸ்டன் நகர மருத்துவமனையிலிருந்து வந்த கட்டுரை குறிப்பிடத்தக்கது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல நகரங்களில் இக்கிருமி பச்சிளங்குழந்தைத் தொற்றுகளில் முதலிடம் பிடித்தது. 1973இல் டென்வர், ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் இந்நோய் இரு வடிவங்களில் வருவதைக் காட்டினர். பிறந்த முதல் வாரத்தில் வரும் முன்தொடக்க நோயில் இரத்தத் தொற்றும் நிமோனியாவும் மிகுதி. ஒரு வாரத்திற்குப் பின், மூன்று மாதங்களுக்குள் வரும் பின்தொடக்க நோயில் மூளையுறை அழற்சியின் பங்கு கூடுதல்.

கிருமியைச் சுமக்கும் தாய்மார் பலர் இருந்தும், அவர்களுடைய குழந்தைகளில் 100க்கு ஒருவர் அல்லது இருவரே நோயுறுவது ஏன் என்ற வினா எழுந்தது. 1976இல் கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும் விடை கண்டனர். நோயுற்ற குழந்தைகளின் தாய்மாரிடம் அக்கிருமியின் மேலுறைக்கு எதிரான எதிர்ப்புரதம் மிகக் குறைவாக இருந்தது. நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மார் பெரும்பாலோரிடம் அது போதிய அளவு இருந்தது. தாயின் எதிர்ப்புரதங்கள் நச்சுக்கொடி வழியாகக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் மிகுதியாகச் சேயை அடைகின்றன. குறைமாதக் குழந்தைகள் கூடுதல் ஆபத்தில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே காலத்தில் எஷரிக்கியா கோலை பற்றியும் ஓர் உண்மை வெளிப்பட்டது. பச்சிளங்குழந்தைகளின் மூளையுறை அழற்சியில் கிடைக்கும் அவ்வகைப் பாக்டீரியாக்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு கே1 என்னும் மேலுறை இருப்பதை ஜான் ராபின்ஸ் குழுவினர் 1974இல் காட்டினர். வளரும் மூளையின் நரம்பணுக்களின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியை அந்த மேலுறை ஒத்திருக்கிறது. அதனால் உடலின் காவல் அமைப்பு அதை அயலான் என்று எளிதில் இனங்காண்பதில்லை.

பிறக்கும் முன்பே தடுத்தல்

முன்தொடக்க நோய், பிரசவத்தின்போதோ அதற்குச் சற்று முன்போ தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுகிறது. குழந்தை பிறந்தபின் மருந்து கொடுக்கத் தொடங்கினால் பல வேளைகளில் காலம் கடந்துவிடுகிறது. கர்ப்ப காலத்தில் முன்கூட்டியே கொடுத்தாலோ, பிரசவத்திற்குள் கிருமி திரும்பி வந்துவிடுகிறது. எனவே பிரசவ வலி தொடங்கியபின் தாய்க்கு நரம்பு வழியாக மருந்து கொடுக்கும் முறையைச் சிகாகோவில் கென்னத் பாயரும் சாமுவேல் கோடாஃபும் சோதித்து, 1986இல் வெளியிட்டனர். ஆம்பிசிலின் பெற்ற தாய்மாரின் 85 குழந்தைகளில் ஒருவருக்கும் இரத்தத்தில் கிருமி காணப்படவில்லை. பெறாதவர்களின் 79 குழந்தைகளில் ஐவருக்குக் காணப்பட்டது.

வழி தெரிந்த பின்னும் அது பொது நடைமுறையாகப் பத்து ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் குழந்தைகளை இழந்த பெற்றோர் அமைப்பாகத் திரண்டு குரல் கொடுத்தனர். 1996இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2002இல், கர்ப்பத்தின் 35 முதல் 37 வாரங்களில் எல்லாத் தாய்மாருக்கும் கிருமிச் சோதனை செய்ய வேண்டும் என்று அது திருத்தப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 1.7 என்றிருந்த முன்தொடக்க நோய், 2015இல் 0.23 ஆகக் குறைந்தது. பிரிட்டன் எல்லோரையும் சோதிக்காமல், ஆபத்து மிகுந்த தாய்மாருக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறையைப் பின்பற்றியது.

இவ்வெற்றிக்கு எல்லை உண்டு. பிறந்தபின் பல வழிகளில் தொற்றும் பின்தொடக்க நோய் இதனால் குறையவில்லை. மூளையுறை அழற்சி மிகுந்து வருவது அந்த வடிவத்தில்தான்.

உணவு வழி வந்த கிருமிகள்

லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கருவையும் பச்சிளங்குழந்தையையும் குறிவைத்துத் தாக்குவது. அது எவ்வழியாகத் தாயை அடைகிறது என்பது கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 1981இல் உறுதியாயிற்று. அங்கே நோயுற்ற 41 பேரில் 34 பேர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும் ஆவர். ஆட்டெரு இட்டு விளைந்த முட்டைக்கோசில் செய்த பச்சைக் கலவையே காரணம். குளிர்ப்பதனத்திலும் வளரக்கூடிய இக்கிருமி, 2017, 2018 ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாக 1,000க்கு மேற்பட்டோரைத் தாக்கியது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் பச்சிளங்குழந்தைகள். செஃபோடாக்சிம் போன்ற மருந்துகள் இக்கிருமியிடம் பலிப்பதில்லை. ஆம்பிசிலினை மருத்துவர்கள் இன்றும் கைவிடாததற்கு இது முக்கியக் காரணம்.

மற்றொன்று குரோனோபாக்டர் சகசாக்கி. இதனால் இரு குழந்தைகள் மூளையுறை அழற்சி கண்டு இறந்தது 1961இல் இங்கிலாந்திலிருந்து பதிவாயிற்று. குழந்தைகளுக்கான பால் பவுடர் கிருமியற்றதன்று என்பதும், இக்கிருமி அதில் உயிரோடு இருக்கக்கூடும் என்பதும் பிற்காலத்தில் தெரிந்தது. அதனால் பால் பவுடரைக் குறைந்தது 70 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் கரைத்து, ஆறவைத்து உடனே புகட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவுறுத்தியது.

இந்தியாவின் நிலை

மேலை நாடுகளில் கற்ற பாடங்கள் இந்தியாவிற்கு அப்படியே பொருந்துவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பத்தாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 1999இல் வெளியான கட்டுரை, குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய் அங்கே மேலை நாடுகளைவிட மிகக் குறைவாக இருப்பதைக் காட்டியது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை 13,000க்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வில், அசினிட்டோபாக்டர் 22 விழுக்காடும், கிளெப்சியெல்லா 17 விழுக்காடும், எஷரிக்கியா கோலை 14 விழுக்காடும் காணப்பட்டன. இவற்றுள் பெரும்பகுதி பல மருந்துகளுக்குப் பணியாதவை. முதல் மூன்று நாட்களிலேயே இத்தகைய கிருமிகள் தொற்றியிருப்பது, பிரசவ அறையிலும் பராமரிப்பு அறையிலும் தொற்று நடப்பதைச் சுட்டுகிறது. இந்நிலையில் தாய்க்குக் கிருமிச் சோதனை செய்வதைவிடக் கைத்தூய்மையும், பிரசவ அறைத் தூய்மையும், தாய்ப்பாலும் கூடுதல் பயன் தரக்கூடியவை. செம்மல்வைஸ் 1847இல் வலியுறுத்திய செயல் இன்றும் முதல் தேவையாகவே நிற்கிறது.

முதுகில் நீர் எடுக்கவோ கிருமி வளர்த்துப் பார்க்கவோ வசதியற்ற ஊர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பாங், ராணி பாங் இணையர், கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பால் குடிக்காமை, சோர்வு, உடல் குளிர்தல் போன்ற அறிகுறிகளைக் கொண்டே தொற்றை இனங்கண்டு, வீட்டிலேயே ஜென்டாமைசின் ஊசி உள்ளிட்ட மருத்துவம் தரும் முறையை ஏற்படுத்தினர். 39 கிராமங்களில் நடந்த இம்முயற்சியில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு நோக்க ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு கூறியது. மூளையுறை அழற்சியைத் தனியே பிரித்தறியும் முறை அன்று அது. ஆயினும் அந்நிலையை எட்டும் முன்பே இரத்தத் தொற்றைத் தடுத்து நிறுத்த வல்லது.

பிழைத்தவர்களின் நிலை

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1980களின் நடுப்பகுதியில் ஒன்றும், 1990களின் நடுப்பகுதியில் ஒன்றுமாக நாடு தழுவிய இரு ஆய்வுகள் நடந்தன. அந்தப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாக இருந்த இறப்பு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஆனால் நோயுறும் குழந்தைகளின் விகிதம் மாறவில்லை. பிழைத்தவர்களில் காது கேளாமை, வலிப்பு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு ஆகியவற்றின் அளவும் பெரிதாகக் குறையவில்லை. நோய் கண்டறியப்படும் வேளையில் மூளைக்கு ஏற்கெனவே சேதம் நேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவே குணமடைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் செவித்திறன் சோதனையும் வளர்ச்சிக் கண்காணிப்பும் தேவைப்படுகின்றன.

தடுப்பூசியை நோக்கி

மருந்தால் உயிரைக் காக்க முடிந்தாலும் மூளையை முழுமையாகக் காக்க முடியாது என்ற நிலையில், தாய்க்குத் தடுப்பூசி போட்டு அவளுடைய எதிர்ப்புரதத்தைச் சேய்க்குக் கிடைக்கச் செய்வது நெடுநாள் எதிர்பார்ப்பு. 1988இல் கரோல் பேக்கர் குழுவினர் கர்ப்பிணிகளுக்கு முதல் தடுப்பூசியைச் செலுத்தி, எதிர்ப்புரதம் சேயை அடைவதைக் காட்டினர். ஆறு வகை மேலுறைகளை எதிர்க்கும் தடுப்பூசி தென்னாப்பிரிக்காவில் கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்ட முடிவுகள் 2023இல் வெளியாயின. முன்தொடக்க, பின்தொடக்க நோய்கள் இரண்டையும் தடுக்கும் வாய்ப்பு இவ்வழியில் உண்டு.

2020ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸால் மட்டும் ஏறத்தாழ 58,000 முதல் 92,000 வரையிலான சிசுக்கள் இறந்தனர். ஏறத்தாழ 46,000 குழந்தைகள் இறந்தே பிறந்தனர். 2030க்குள் மூளையுறை அழற்சியை வெல்வதற்கான திட்டத்தை 2020 நவம்பரில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. அது குறிவைக்கும் நான்கு பாக்டீரியாக்களுள் குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸும் ஒன்று. மற்ற மூன்றுக்கும் தடுப்பூசிகள் பயன்பாட்டில் உள்ளன. எஷரிக்கியா கோலை, கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் ஆகியவை அந்த நால்வர் பட்டியலில் இல்லை. இந்தியா போன்ற நாடுகளின் பச்சிளங்குழந்தைகளை மிகுதியும் தாக்குபவை இவையே என்பதால், இந்நோயின் வரலாற்றில் அடுத்த இயல் இந்நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்தே எழுதப்பட வேண்டியிருக்கிறது.